அரிவரிக்கு ஆள் தேடுகிறார்கள்

அன்பு மகனுக்கு, நீ கொழும்பில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே நானும் நலம் என்று எழுத வந்து நிறுத்திவிட்டேன். இந்தக் கடிதத்தையாவது பொய் இல்லாமல் தொடங்க வேண்டும். நலமில்லை. பெரிய நோய் வருத்தம் ஒன்றுமில்லை, களைப்புத்தான். முழங்கால் மடங்க மறுக்கிறது. பிள்ளைகளின் சிலேட்டை மூக்கருகே பிடித்தால்தான் எழுத்துத் தெரிகிறது. நேற்று வகுப்புக்குள் ஒரு கழுதை நுழைந்து நடுவில் படுத்துக்கொண்டது. இருபது வருஷமாக எத்தனையோ கழுதைகளை விரட்டியவள் நான். நேற்று அதை எழுப்பத் தெம்பில்லாமல், பிள்ளைகளை மற்றப் பக்கம் நகர்த்தி உட்காரவைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். பிள்ளைகளுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் வீட்டுக்கு வந்து அழுகை வந்தது.

உனக்குப் பேசிவைத்திருக்கும் ஸபியாவின் வாப்பா வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து நேரே நம் வீட்டுக்கு வந்தார். நீ அவருக்கு எழுதிய கடிதத்தை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து என்னிடம் தந்தார். "ஸபியா படிக்கப் போக வேண்டாமெண்டு மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். நான் என்ன செய்யிறது? நீங்களே வாசிச்சுப் பாருங்கோ" என்றார். வாசித்தேன். யாழ்ப்பாணத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கூடத்தில் ஸபியாவுக்கு இடம் கிடைத்திருப்பது உனக்கு மகிழ்ச்சி என்றும், ஆனால் அவள் போக வேண்டாம், பெருநாள் கழிந்ததும் நிக்காஹை நடத்திவிடலாம் என்றும் எழுதியிருக்கிறாய். "என் உம்மா அந்தச் சின்னப் பிள்ளைகளின் அரிவரி வகுப்பில் தேய்ந்ததைக் கண்ணால் கண்டவன் நான். என் பெண்சாதியை அப்படித் தேய விடமாட்டேன். உம்மாவின் காக்கா, என் மாமா, அன்று உம்மாவை மறித்தது வீம்பில். நான் மறிப்பது அன்பில்." இப்படி எழுதியிருந்த இடத்தில் என் கண் நின்றுவிட்டது. அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். மூன்று நாள் யோசித்தேன். இப்போது எழுதுகிறேன்.

முதலில் பள்ளிக்கூடத்து நிலைமையைச் சொல்கிறேன். போன மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். புது ஆள், நல்ல மனிதர். என்னைக் கதிரையில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். பயிற்சி பெற்ற ஒரு பெண் ஆசிரியை இல்லாமல் இந்த வகுப்பை இனி நடத்த முடியாதாம், மேலிடத்து உத்தரவாம். ஆளைத் தாருங்கள் என்று தலைமை வாத்தியார் கேட்டார். "எங்க போறது? தீவுக்கு வாறதெண்டால் ஒருத்தரும் பெட்டி கட்டுறாங்களில்லை. தண்ணி உப்பு, காய்ச்சல், ஊர் தெரியாது எண்டு ஆளுக்கொரு சாட்டுச் சொல்லுறாங்கள். உங்கட ஊருக்குள்ளேயே ஒரு பிள்ளையை எடுத்துத் தந்தால் நான் பயிற்சிக்கு அனுப்புவன்" என்றார் அவர். உனக்கும் தெரியும், இதுவரை வந்த வாத்திமாரெல்லாம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. அரிவரிக்கு என்று வருகிறவர்கள் புதிதாக வேலைக்கு வந்த பொடியன்கள். சின்னப் பிள்ளைகளின் மூக்கைத் துடைக்கவா படித்தோம் என்ற முகத்தோடு வருவார்கள். அடுத்த ரயிலில் காய்ச்சல் என்று போவார்கள். ஆளில்லாத நாட்களில் மேல் வகுப்புக்கும் கீழ் வகுப்புக்கும் நடுவில் நின்று தலைமை வாத்தியார் கத்துவார். நான் வகுப்பெடுக்கத் தொடங்குமுன் இந்த ஊரில் எத்தனை பெண்பிள்ளைகள் எழுத்துத் தெரியாமல் வயசுக்கு வந்து குமராகி வீட்டுக்குள் போனார்கள் என்று எண்ணிப் பார். ஆண் வாத்தியாரிடம் பிள்ளையை அனுப்ப உம்மாமார் விடமாட்டார்கள். என் வகுப்பு மூடப்பட்டால் திரும்பவும் அதே கதைதான்.

நான் எப்படி அந்த வகுப்புக்குப் போனேன் என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. உனக்கு அப்போது ஐந்து வயது. வாப்பா மௌத்தாகி நான் இத்தா இருந்த காலம். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்களின் பார்வையில் படக்கூடாது. நான் சாப்பாட்டையும் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். அப்போதும் பள்ளிக்கூடத்தில் அரிவரி வாத்தியார் ஓடிப்போயிருந்தார். ஒரு காலை, வெயில் ஏற முன், காக்கா வந்தார். என் அண்ணன், அதுதான் உன் மாமா. பின்னால் பத்துப் பதினைந்து பிள்ளைகள், ஒன்றன் சட்டையை ஒன்று பிடித்தபடி.

"தங்கச்சி, இதுகள கொஞ்ச நேரம் வச்சிரு. பள்ளிக்கூடத்தில ஆளில்லையாம். சின்னப் பிள்ளையள் உள்ள வாறதுக்கு இத்தாவில மறிப்பில்லை. பள்ளிவாசல் லெப்பையிட்டயும் கேட்டுப்போட்டன்."

"எனக்குத் தமிழெழுத்துத் தெரியாது காக்கா. எனக்குத் தெரிஞ்சது அறபுத் தமிழ் மட்டும்தான்."

"பிள்ளையளுக்கும் தெரியாதுதானே" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கருவாடு காயவைக்கும் வாடிக்குப் போய்விட்டார்.

நம் பெண்களில் அந்தக் காலத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் அப்படித்தான். தமிழைத்தான் வாசிப்போம், ஆனால் அறபு எழுத்தில். தமிழெழுத்தில் ஒரு கடைப் பலகையை வாசிக்கச் சொன்னால் விழிப்போம். தலைமை வாத்தியார் ஒரு வழி செய்தார். அடுத்த நாள் பாடத்து எழுத்துகளை ஒரு சிலேட்டில் எழுதி மத்தியானம் காக்காவிடம் கொடுத்துவிடுவார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நான் அதைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகுவேன். காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். அவர்களைவிட ஒரே ஒரு நாள்தான் நான் முன்னால் இருந்தேன். ஆனால் எனக்குப் பசி வந்தது, மகனே. அவர்கள் கொண்டுவந்த பனம்பழப் பனாட்டுத் துண்டை என் வாயில் வைத்தார்கள். நான் சிரித்தேன். ஊரில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. மௌத்து வீட்டில் பாட்டுச் சத்தம் என்றார்கள். அதற்கும் காக்காதான் போய்ப் பதில் சொன்னார்.

அந்தப் பிள்ளைகள் என்னைச் சின்னம்மா முறைக்குச் சாச்சி என்று கூப்பிட்டார்கள். ஒருவனுக்கு மட்டும் உம்மா என்றால் மற்றவை ஏங்கும் என்று, வகுப்பு நேரத்தில் நீயும் சாச்சி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று கட்டளை போட்டேன். ஒரு நாள் விழுந்து முழங்கால் வெடித்து இரத்தம் வர நீ ஓடிவந்தாய். உம்மா என்று வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து, சாச்சி என்று மாற்றிச் சொன்னாய். நான் அதை ஒரு கெட்டித்தனமாக எல்லோருக்கும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என்ன மனுஷி நான். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு உம்மாவையும் பாதி நாள் இல்லாமல் ஆக்கினேன். அந்த வகுப்பின் மேல் உனக்கு வெறுப்பு இருக்கிறதென்றால் அதற்கு நியாயம் உண்டு. அதை நான் மறுக்க வரவில்லை.

இத்தா முடிய ஒரு மாதம் இருக்கும்போது அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் வகுப்பைப் பார்க்க வந்தார். வீட்டு வாசலில் பெருக்கமரத்து நிழலில் அவருக்கும் தலைமை வாத்தியாருக்கும் கதிரை. கதவுக்குக் கட்டிய சீலைக்கு இப்பால் நான். பிள்ளைகள் ஒவ்வொன்றாய்ப் போய்ச் சிலேட்டைக் காட்டினார்கள். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்தார். பிறகு அவர் கேட்டார், "வாத்தியார், ஏன் எல்லாப் பிள்ளையும் சிலேட்டின்ர வலப்பக்கத்தால தொடங்குது?"

அறபுக்குப் பழகிய கை என்னுடையது. வலதிலிருந்து இடதுக்குத்தான் போகும். நான் எழுதியதைப் பார்த்துப் பிள்ளைகளும் தமிழை வலதிலிருந்து வரிசையாக எழுதிவைத்திருந்தார்கள். நானே சீலைக்குள் இருந்து, "அது என்ர பிழை ஐயா. பிள்ளையளின்ர பிழையில்லை" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அது ரெண்டு நாளில திருத்துற பிழை. நான் ஆள் தேடித் தேடிக் களைச்சுப்போனன் அம்மா. வாற பொடியன்கள் சரியாய் எழுதுவாங்கள், பிள்ளையள் அழுதுகொண்டிருக்கும். இங்க ஒண்டும் அழயில்லை. நீங்கள் பயிற்சிக்குப் போங்கோ, இடம் நான் எடுத்துத் தாறன்" என்றார். பத்து நாளில் தபாலில் படிவம் வந்தது. பாதுகாவலரின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று அதில் இருந்தது. எனக்குப் பாதுகாவலர் காக்கா.

இதற்கு மேல் நீ கேட்டு வளர்ந்த கதை வேறு. மாமா வீம்பில் மறித்துவிட்டார், பொம்பிளை ஊர்விட்டு ஊர் போய்ப் படிப்பதா என்று படிவத்தைத் திருப்பிவிட்டார், அதனால்தான் உம்மா கடைசிவரை பயிற்சி இல்லாத உதவியாசிரியையாகவே இருந்து, நேற்று வந்த பொடியன்களுக்குக் கீழே நின்றாள். ஊருக்கெல்லாம் இதுதான் தெரியும். இது பொய், மகனே. நான் சொன்ன பொய்.

காக்கா கையெழுத்துப் போட்டார். அவருக்கும் தமிழெழுத்துத் தெரியாது. கருவாட்டுப் பெட்டியின் பலகையில் கரியால் தன் பெயரை அறபெழுத்தில் ஒரு காலை முழுக்க எழுதிப் பழகிவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, "எங்க போடுறது, காட்டு" என்று கேட்டுப் போட்டார். "பொடியனை அவன்ர மாமி பாத்துக்கொள்ளுவா. நீ யோசிக்காம போ. திரும்பி வந்தா இந்த ஊரில நீதான் பெரிய வாத்தியார்" என்றார். படிவத்தை என் கையில் தந்துவிட்டுப் போனார். நான் அதை அலுமாரியின் அடித்தட்டில், உன் வாப்பாவின் பழைய சாரத் துணிக்குள் சுற்றி வைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். உனக்காக என்று சொன்னால் அழகாக இருக்கும். கொஞ்சம் உனக்காகவும்தான். ஆனால் பெரிய பங்கு பயம். அங்கே முதல் நாளே எழுத்துப் பரீட்சை வைப்பார்கள் என்று படிவத்தில் இருந்தது. படித்த பெண்களுக்கு நடுவில் என் கை திரும்பவும் வலதிலிருந்து புறப்பட்டுவிட்டால்? சீலைக்குள் இருந்தபோது வந்த துணிவு சீலைக்கு வெளியே எனக்கு இல்லை. அதை ஒருவரிடமும் சொல்ல வெட்கம். இத்தா முடிந்து தலைமை வாத்தியார் வந்து கேட்டபோது, "காக்காவுக்கு விருப்பமில்லை ஐயா" என்று வாயில் வந்துவிட்டது. "நான் போய்க் கதைக்கட்டோ?" என்றார். "வேண்டாம் ஐயா. அவர் சொன்னா சொன்னதுதான்" என்றேன். எவ்வளவு சுலபமாக நம்பினார் தெரியுமா? ஒரு பெண் போகவில்லை என்றால் ஓர் ஆண் மறித்திருப்பான் என்று எல்லோரும் நம்பத் தயாராக இருந்தார்கள். நான் அந்த வசதியில் ஒளிந்துகொண்டேன்.

இரண்டு நாளில் காக்கா வந்தார். நான் முற்றத்தில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். "நான் மறிச்சனானாம், துறையில கதைக்கிறாங்கள்" என்றார். நான் சுளகில் இருந்து தலையெடுக்கவில்லை. பிறகு, "சரி. என்ர பேரிலேயே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுத்ததே இல்லை. நீ வளர்ந்து, விபரம் தெரிந்து, அவர் பெருநாளைக்கு எடுத்துத் தந்த சட்டையை அவர் கண் முன்னாலேயே அயல்வீட்டுப் பொடியன் ஒருவனுக்குக் கொடுத்தாயே, அன்றும் எடுக்கவில்லை. நீ கொழும்புக்கு ரயில் ஏறிய நாளில் உன் பெட்டியை ஸ்டேஷன் வரைக்கும் தலையில் சுமந்து வந்தவர் அவர். நீ எனக்கு மட்டும் சலாம் சொல்லிவிட்டு ஏறினாய். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்த வாய் இது.

ஆகவே என்னைத் தேய்த்தது வகுப்பு அல்ல. பயிற்சி இல்லாமல் வகுப்பில் நின்றதுதான் தேய்த்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் தொண்டையால் மட்டும் கற்பித்தேன். ஒவ்வொரு வருஷமும் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து பயந்து வேலை செய்தேன். ஸபியா இந்த ஆறு மாதமாக எனக்கு உதவிக்கு வருகிறாளே, அவளைப் பார்த்த பிறகுதான் இது எனக்கு விளங்கியது. வந்த முதல் கிழமையே, "மாமி, நீங்க பிள்ளையளுக்கு மேலால நிண்டு கத்துறீங்க. கீழ இருந்து கதைச்சுப் பாருங்கோ" என்றாள். எனக்குப் பொல்லாத கோபம். நேற்று என்னிடம் அனா ஆவன்னா படித்தவள் எனக்கு வகுப்பெடுக்கிறாளே என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் முழங்கால் வலியில் நிற்க முடியாமல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துதான் பேசினேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. அவள் சிப்பிகளைக் கொட்டிவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் காட்ட, தான் நடுவில் நடந்து திரிகிறாள். தொண்டை கட்டுவதே இல்லை. இதெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காமல். இரண்டு வருஷம் முறையாகப் படித்து வந்தால் அவள் எங்கே போய் நிற்பாள் என்று நினைத்துப் பார். நிலையான உத்தியோகம், கடைசிக் காலத்துக்கு ஓய்வூதியம். கடலுக்கு அந்தப் பக்கம் முசலிக் கரையில் ஒரு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் தொடங்கும் யோசனை இருக்கிறது, தலைமைக்கு ஆளில்லாமல்தான் கிடக்கிறது என்றும் இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் காலத்தில் ஆளில்லாத இடத்துக்கு எங்களை இழுத்துவந்து நிறுத்தினார்கள். அவள் அதே இடத்துக்குத் தகுதியோடு போகப் போகிறாள்.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா? வீட்டில் ஒரு மருமகள் வந்து, ஒரு வாய் கஞ்சி வைத்துத் தந்தால் போதும் என்றிருக்கிறது. நிக்காஹ் இரண்டு வருஷம் தள்ளிப்போகும். அந்த இரண்டு வருஷமும் இந்த வகுப்பை மூடவிடாமல் நான்தான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நினைத்தாலே உடம்பு நோகிறது. ஒரு பிள்ளை பயிற்சியில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் அதுவரை பொறுப்பதாக இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் தாங்குவேன். நீயும் தாங்கு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தபால் போகாதா? அவளுக்கு எழுது. படித்த பெண்ணைக் கட்டப்போகிறவனுக்கு அந்த வசதியாவது இருக்கட்டும்.

ஸபியா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். உன் கடிதம் வந்ததை அவளும் அறிவாள். அடுத்த நாளும் நேரத்துக்கு வந்தாள், சிப்பிகளைக் கொட்டினாள், "மாமி, எனக்குப் போகப் பயமாயிருக்கு எண்டு வாப்பாட்டச் சொல்லிப்போடட்டோ? அவருக்கும் சங்கடமில்லை, அவங்களுக்கும் சங்கடமில்லை" என்றாள். அவளுக்குப் பயமே இல்லை, மகனே. உன்னை ஊர் குறை சொல்லாமல் இருக்க ஒரு பொய்யைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறாள். என் காக்கா செய்ததைத் திரும்பவும் இந்த வீட்டில் ஒருத்தி செய்ய நான் விடமாட்டேன். அன்றைக்குத்தான் அலுமாரியைத் திறந்தேன்.

திறந்த கையோடு மாமா வீட்டுக்குப் போனேன். கண் பார்வை குறைந்து, வாசலில் கிழிந்த வலையைத் தடவித் தடவிப் பொத்திக்கொண்டிருந்தார். பொடியனுக்கு உண்மையை எழுதப் போகிறேன் என்றேன். "இப்ப ஏன் அதைக் கிளறுறாய்? என்னில கோபமெண்டாலும் உன்னில பாசமாய்த்தானே இருந்தவன்" என்றார். நான் அழுதேன். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், "அந்தத் தாள் இன்னும் கிடக்கோ? என்ர எழுத்து வடிவாய் இருக்கோ?"

வடிவாகத்தான் இருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன், பிரித்துப் பார். மடிப்பில் கிழிந்திருக்கிறது, கவனமாகப் பிடி. இரண்டாவது தாள் ஸபியாவின் படிவம். கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாக இருக்கிறது. நீ ஒரு வார்த்தை எழுதினால் அவள் வாப்பா போடுவார். இந்தக் குடும்பத்தில் ஒரு பெண்ணைப் படிக்க விடாமல் மறித்த ஆண் என்று நீ இத்தனை வருஷம் ஒருவரை வெறுத்தாய். அப்படி ஓர் ஆண் நம் குடும்பத்தில் இதுவரை இருந்ததில்லை. முதல் ஆளாக நீ வந்துவிடாதே.

பிள்ளைகள் வரும் சத்தம் கேட்கிறது. போகிறேன். அவர்களுக்குச் சாச்சி, உனக்கு என்றும்

உம்மா